பஸ்ஸில் ஏறிய நான்

சாலை பஜார், திருவனந்தபுரம்
3 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கலை எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம் என்று தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். உண்மை என்னவென்றால் அம்மாவின் கால் புண் ஒரு வாரம் ஆறுகிறது, மறுவாரம் திறக்கிறது. சர்க்கரை இறங்கவில்லை. உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? மகேஷ்குமார் அத்தானையும் உன் மாமியாரையும் கேட்டதாகச் சொல்.

போனில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். என் மலையாளக் கவிதைப் புத்தகத்தைத் தமிழிலும் கொண்டுவர நாகர்கோவிலில் ஒரு சின்னப் பதிப்பகம் கேட்கிறது. இடது பக்கம் மலையாளம், வலது பக்கம் தமிழ். முன்னுரை ஆதிரா டீச்சர். காலேஜில் எனக்கு மலையாளம் எடுத்தவர், இப்போது ஆராய்ச்சியில் பெரிய ஆள். படங்கள் ஆர்ஷா என்று ஒரு பெண் வரைகிறாள். தமிழில் யார் என்று கேட்டார்கள். யோசிக்காமல் என் அக்கா என்றேன். வள்ளியூரில் தமிழ் டீச்சராக ஒருத்தியை வைத்துக்கொண்டு வேறு ஆளை எதற்குத் தேட வேண்டும்?

"போன்ல கவிதை பேசாத, பாதி மலையாளம், பாதி இரைச்சல், எழுதி அனுப்பு" என்றாய். அனுப்புகிறேன். இந்தத் தமிழ் எழுத்து முழுப்பரீட்சை லீவுகளில் நீ வந்து சொல்லிக்கொடுத்தது. தப்பு இருந்தால் சிவப்பு மையால் திருத்து, கேட்டோ.

இன்னொரு காரணமும் உண்டு. அம்மாவுக்கு அரிசியும் மீனும் வாங்குகிற மலையாளம்தான் தெரியும். நான் படித்தால் ரேடியோச் செய்தி கேட்கிற முகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். "பெரியவ தமிழ்ல எழுதட்டும், அப்பம் கேக்கேன்" என்கிறாள். பெற்ற மகள் என்ன எழுதினாள் என்று தெரியாமலே அவள் போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது. புண் அப்படி.

முதல் கவிதை இதோடு இருக்கிறது. ஜவுளிக்கடை பில் மேசையில் உட்கார்ந்தே நகல் எடுத்தேன், மன்னித்துவிடு.

உன் தங்கை,
கலைச்செல்வி


வள்ளியூர்
14 ஜூன் 2024

கலைக்கு அக்கா எழுதுவது.

எல்லோரும் இருக்கிறோம். முட்டி அப்படியேதான். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. ஆறாம் வகுப்புக்குப் பிள்ளை சேர்க்க வீடு வீடாக அலைந்து, வந்து படுத்தால் காலே என்னுடையது இல்லை. இதில் கவிதை வேறு. இருந்தாலும் செய்கிறேன். அம்மா கேட்க வேண்டும் என்கிறாயே, அதற்காக.

ஒரு நிபந்தனை. மூலத்துக்குப் பக்கத்தில் மலையாளத்தைத் தமிழ் எழுத்திலும் எழுதியிருக்கிறாய், இனி அது வேண்டாம். மூலத்தையே அனுப்பு. மூன்றாம் வகுப்புவரை நானும் அங்கே அட்டக்குளங்கரைப் பக்கம் மலையாளப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தேன். எட்டு வயதில் மாமா வீட்டுக்கு அனுப்பினார்களே, அதோடு நின்றது. இப்போது உன் கவிதையை எடுத்து வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டினேன். பாதி எழுத்து முகம் தெரிகிறது, பெயர் வரவில்லை. ஆகவே இப்படி வைத்துக்கொள்வோம்: மூலத்தை நிறைய இடம் விட்டு எழுது, ஒவ்வொரு வரிக்கும் அடியில் பொருளை வெறும் தமிழில் எழுது. அழகாக எழுத வேண்டாம், அது என் வேலை.

முதல் கவிதை இப்படி வந்திருக்கிறது:

சாலையில் மழை.
முதலில் அரிசி மூட்டைக்குத் தார்ப்பாய்.
பிறகு கணக்கருக்குக் குடை.
கடைசியாக வந்த அப்பா
தலையில் கோணிச்சாக்கு.

அப்பாவை நன்றாகப் பார்த்திருக்கிறாய். நான் பார்த்தது குறைவு. லீவுக்கு வருகிறபோது அவர் மூட்டைக்கு அடியில்தான் இருப்பார்.

உன் கடிதத்தில் தப்பு அதிகமில்லை. "கேட்டோ" என்கிற மலையாளத்தை மட்டும் அடித்திருக்கிறேன். அம்மாவுக்குக் காலைத் தொங்கப்போடாமல் உட்காரச் சொல்.

பிரேமா


சாலை
2 ஜூலை 2024

அன்புள்ள அக்கா,

சுகம்தானே? இங்கே மழை. அம்மா காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு, பெரியவள் உத்தரவு என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உன் தமிழைப் படித்துவிட்டு நான் பில் போடுகிற மேசையிலேயே கண் துடைத்தேன். பக்கத்துக் கவுண்டர் ரெம்யா என்ன ஆச்சோ என்று பயந்து, "எந்து பற்றி சேச்சி?" என்று கேட்டாள். ஜலதோஷம் என்றேன். "கடைசியாக வந்த அப்பா" என்று எழுதியிருக்கிறாயே, மலையாளத்தில் எனக்கு அது இத்தனை வலிக்கவில்லை.

ஆதிரா டீச்சர் முன்னுரை எழுதத் தொடங்கிவிட்டார். ஆர்ஷா அட்டைப் படத்துக்கு என் சின்ன வயசு போட்டோ கேட்டாள். நம் வீட்டில் போட்டோவுக்கு எங்கே போவது? இருந்ததை எடுத்துக் கொடுத்தேன்.

இத்துடன் ஆறு கவிதைகள் வைத்திருக்கிறேன். மூலமும் அடியில் பொருளும் நீ சொன்னபடி. நடுவில் "தம்பானூர்" என்று ஒன்று இருக்கும். பஸ் ஸ்டாண்டுக் கவிதை. அது எல்லோருக்கும் பிடித்தது, டீச்சர் அதைத்தான் புத்தகத்தைத் தாங்குகிற நடு உத்தரம் என்கிறார். வேலை அதிகமிருந்தால் அதைக் கடைசியாகச் செய்தாலும் போதும்.

தங்கை,
கலை


வள்ளியூர்
29 ஆகஸ்ட் 2024

கலைக்கு,

தாமதமாகிவிட்டது. மாமியார் குளியலறையில் விழுந்தார், எலும்பு முறியவில்லை, வேலை கூடியது. அதற்கு மேல் பரீட்சைத்தாள்கள். எங்கள் தலைமையாசிரியர் நேசையன் சாருக்கு ஒவ்வொரு நாளும் ஒரு அறிக்கை வேண்டும். வீட்டில் விளக்கணைத்தால்தான் என் நேரம், அப்போது கண் எரிகிறது.

ஐந்து கவிதைகள் இதில் இருக்கின்றன. மீன்காரி கவிதையில் இரண்டு வரியை முன்பின்னாக மாற்றியிருக்கிறேன், ஓசைக்காக. பிடிக்காவிட்டால் சொல்.

"தம்பானூர்" இன்னும் என்னிடமே இருக்கிறது. மூலத்தை அடிப்பொருள் பார்க்காமலே வாசித்துவிட்டேன். இந்த இரண்டு மாதத்தில் அந்த அளவு மலையாளம் திரும்பியிருக்கிறது. பழம்பொரியை வாழைப்பழ பஜ்ஜி என்று மாற்றப்போவதில்லை. ஒரு சந்தேகம். கவிதை முழுக்க "நான்" என்று வருகிறது. பஸ்ஸில் ஏற்றப்படுகிற பிள்ளை நான், பழம்பொரியை மடியில் வைத்திருப்பது நான். தமிழிலும் "நான்" என்றே போடவா?

அம்மாவின் புண்ணுக்குப் புது மருந்து கொடுத்தார்கள் என்று சொன்னாயே, கேட்கிறதா?

பிரேமா


சாலை
3 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் இன்று கிடைத்தது, இன்றே எழுதுகிறேன். புது மருந்து கேட்கிறது. மாமியாரைப் பார்த்துக்கொள், உன்னையும்.

"நான்" பற்றிக் கேட்டிருந்தாய். கவிதையில் வருகிற நான் எழுதினவள் ஆக வேண்டும் என்று இல்லை, அல்லே? அது யாராகவும் இருக்கலாம். டீச்சர் வகுப்பில் சொன்ன முதல் பாடமே அதுதான். "அவள்" என்று போட்டால் செத்துப்போகும், அக்கா. நான் முதலில் அப்படித்தான் எழுதிப் பார்த்தேன். "நான்" என்று மாற்றிய பிறகுதான் அது நின்றது. அதனால் "நான்" என்றே போடு. சாரமில்லையே, பரவாயில்லைதானே?

ஓணம் வருகிறது. கடையில் மூச்சு விட நேரமில்லை. சாலை முழுக்கத் தலை. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கக்கூட வரிசை. எனக்கு அந்த வரிசையிலேயே நின்று தூங்கிவிடலாம் போல் இருக்கிறது.

டீச்சரின் முன்னுரையும் இதில் இருக்கிறது. அதையும் நீயே தமிழாக்கித் தர முடியுமா? ஆர்ஷாவின் அட்டைப் படத்தின் நகலும் வைத்திருக்கிறேன். பார்.

தங்கை,
கலை


வள்ளியூர்
20 அக்டோபர் 2024

கலைக்கு,

இங்கே நலம்.

முன்னுரையைத் தமிழாக்கியிருக்கிறேன். நல்ல கட்டுரை. இரண்டாம் பக்கத்தில் டீச்சர் எழுதியிருப்பதை இப்படிப் போட்டிருக்கிறேன், சரியா பார்: "எட்டு வயதில் வீட்டைவிட்டு அனுப்பப்பட்ட இந்தக் கவிஞருக்கு மலையாளம் வெறும் மொழி அல்ல. திரும்பக் கிடைக்காத வீடு."

படம் பார்த்தேன். அந்தப் பெண் நன்றாக வரைகிறாள். பஸ் ஜன்னலில் இருக்கிற பிள்ளைக்கு ஒரு பக்கத்து ரிப்பன் அவிழ்ந்திருப்பதைக்கூட விடவில்லை.

தம்பானூர்

பஸ் நிற்கிறது.
மடியில் அம்மா வாங்கித் தந்த பழம்பொரி.
காகிதத்தில் எண்ணெய் பரவுகிறது.
"சமத்தா இரு" என்றாள்.
டிரைவர் ஏறுவதற்கு முன்பே
நடக்கத் தொடங்கினாள்.
ஜன்னல் கம்பியைப் பிடித்துப் பார்த்தேன்.
அம்மாவின் முதுகு போய்க்கொண்டிருந்தது.
திரும்பவில்லை.
பழம்பொரி ஆறியது.
நான் அதைத் தின்னவில்லை.

"நான்" என்றே போட்டிருக்கிறேன்.

இனி எல்லாம் தமிழில் இருக்கிறது. அம்மாவுக்குப் படித்துக் காட்டு.

பிரேமா


சாலை
4 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

தீபாவளிக்கு நீங்கள் வருவீர்கள் என்று அம்மா அதிரசத்துக்கு மாவு சொல்லி வைத்திருந்தாள். அத்தானுக்கு லீவு இல்லை என்று சொன்னேன். உண்மையில் அந்தக் கடிதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து போனும் இல்லை, எழுத்தும் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

"தம்பானூர்" மிக நன்றாக வந்திருக்கிறது. நீ அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. எப்போதும் இரண்டு திட்டாவது இருக்கும். இந்த முறை ஒரு கமாவைக்கூடத் திட்டவில்லை.

அம்மாவுக்கு இன்னும் படிக்கவில்லை. தீபாவளிக் கூட்டம். கடையிலிருந்து வரும்போது நாக்கு ஒட்டிக்கொள்கிறது. பிறகு அவளுக்குக் காய்ச்சல். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார வேண்டும்.

புத்தகம் பிப்ரவரியில் வரும் என்கிறார்கள்.

தங்கை,
கலை


வள்ளியூர்
25 நவம்பர் 2024

கலைக்கு,

நலம். அம்மாவுக்குப் படித்துக் காட்டினாயா?

பிரேமா


சாலை
15 டிசம்பர் 2024

அன்புள்ள அக்கா,

உன் ஒரு வரிக் கடிதத்தை ஒரு வாரம் பையிலேயே வைத்துக்கொண்டு கடைக்குப் போய் வந்தேன். நீயும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். எனக்குச் சுகமில்லை. காய்ச்சல் ஒன்றும் இல்லை, அலுப்பு.

இன்று ஞாயிறு. அம்மா காலை ஸ்டூலில் வைத்துக்கொண்டாள், முடியை முடிந்துகொண்டாள், கோயிலில் கதை கேட்க உட்காருவது போல் உட்கார்ந்தாள். மழைக் கவிதைக்கு, "ஒங்கப்பன் அப்படித்தான்" என்றாள். மீன்காரிக்குச் சிரித்தாள். பிறகு "தம்பானூர்" படித்தேன். அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம் என்று கை பக்கத்தைத் திருப்பப் பார்த்தது. உன் ஒற்றை வரி ஞாபகம் வந்தது, படித்தேன்.

முடிந்ததும் அம்மா, "இது பெரியவ எழுதுனதா?" என்றாள்.

"இல்லம்மா, நான் எழுதினது. அக்கா தமிழ்ல மாத்தினா."

"நீ எங்கட்டி பஸ்ல போன? நீ எம் இடுப்புலல்லா இருந்த."

அவள் எனக்குச் சொல்வது போலவே இல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் திரும்பல. திரும்பியிருந்தா எறக்கியிருப்பேன். எறக்கிக் கூட்டிட்டு வந்து என்னத்தக் குடுக்க? மாமன் வீட்டுலயாவது சோறும் பள்ளிக்கூடமும் உண்டும்னு அனுப்புனேன். நீதான் என் தோளுக்கு மேலகூடி அவளையே பாத்துட்டு வந்த. 'அக்கா கை காட்டுதா, அக்கா இன்னும் கை காட்டுதா'ன்னு வழியெல்லாம் சொல்லிட்டு வந்த. வாயப் பொத்துட்டின்னு ஒன்ன அடிச்சேன். அடிச்சும் நீ நிறுத்தல. அவ கை காட்டுனது நீ சொல்லித்தான எனக்குத் தெரியும்."

பிறகு தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு, "பெரியவ இதத் தமிழ்ல எழுதுனாளா? கையால எழுதுனாளா?" என்று இரண்டு தடவை கேட்டாள். ஆமாம் என்றேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அக்கா, நான் கெட்டிக்காரத்தனமாக எழுதின அந்த "யாராகவும் இருக்கலாம்" கடிதத்தைக் கிழித்துப் போடு. டீச்சர் என்னிடம், "இது கலையின் அனுபவம் தானா?" என்று கேட்டபோது நான் ஆமாம் என்று சொல்லவில்லை. சிரித்தேன். அவர் அந்தச் சிரிப்பின் மேல் ஒரு கட்டுரையே கட்டிவிட்டார். ஆர்ஷாவுக்குக் கொடுத்த போட்டோவும் நீ மாமா வீட்டுக்குப் போவதற்காக ஸ்டூடியோவில் எடுத்தது. உனக்குத் தெரிந்துதான் ரிப்பனைப் பற்றி எழுதினாய்.

நேற்று டீச்சரிடம் போய் முன்னுரையிலிருந்து அந்த "எட்டு வயதில்" வாக்கியத்தை எடுக்க முடியுமா என்று கேட்டேன். "கட்டுரை அதின்மேலல்லே நில்க்குந்நது, கலை" என்றார், அதை எடுத்தால் கட்டுரையே விழுந்துவிடுமாம். பதிப்பகம் இம்மாதக் கடைசிக்குள் எல்லாம் வேண்டும் என்கிறது. நீ நிறுத்தச் சொன்னால் புத்தகத்தை நிறுத்திவிடுகிறேன். நிறுத்தாதே என்று உன்னிடம் கேட்க எனக்கு வாய் இல்லை.

கலை


வள்ளியூர்
20 டிசம்பர் 2024

கலைக்கு அக்கா எழுதுவது.

நாங்கள் எல்லோரும் இருக்கிறோம். அரைப்பரீட்சை முடிந்தது. இது தாமதிக்கக் கூடாத கடிதம் என்பதால் திருத்தாத தாள்களின் மேல் வைத்து எழுதுகிறேன்.

கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். உன் "தம்பானூர்" மூலத்தைக் கையில் எடுத்த அன்று அத்தானுக்குத் தோசை வார்த்துக்கொண்டே வாசித்தேன். தோசை கரிந்தது. எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி, ஒவ்வொரு எழுத்தாக, நான் என்னையே போய்ச் சேர்ந்தேன். நான் பிறந்த ஊர்ப் பாஷையில் என் கதை இருக்கிறது, எழுதியது நீ, எனக்கு அதை வாசிக்கவே இரண்டு மாதம் தேவைப்படுகிறது. அந்த எரிச்சலை உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் "நான் என்றே போடவா" என்று கேட்டேன். நீ எனக்கு முதல் பாடம் எடுத்தாய்.

பழம்பொரி விஷயம் நான் உன்னிடம் மட்டும் சொன்னது. ஒரு லீவில், மொட்டை மாடியில். இப்போது சொல்கிறேன், அதை நான் தின்றேன். களியக்காவிளை தாண்டுவதற்கு முன்பே தின்றுவிட்டேன். பக்கத்தில் மாமா இருந்தார், அவருக்குக்கூடக் கொடுக்கவில்லை. உன்னிடம் வீம்புக்குத் தின்னவில்லை என்றேன். அதைப் பிடித்துக்கொண்டு நீ கவிதையை முடித்துவிட்டாய்.

முன்னுரையில் ஒரு வரியைத் தமிழாக்கும்போது எனக்குக் கை ஓடவில்லை. திரும்பக் கிடைக்காத வீடு என்று எழுதியிருக்கிறாரே. யாரைப் பற்றி என்று தெரியாமலே அந்த டீச்சர் சரியாக எழுதிவிட்டார். அது உனக்குப் பொருந்தாது. நீ அந்த வீட்டிலேயே இருந்தாய், உன்னைப் போகச் சொல்லவே இல்லை.

ஆனால் என் பெயரில் நீ பேசியதைவிட எனக்குப் பெரிய வருத்தம் வேறு. அந்தப் பஸ்ஸிலிருந்து நான் பார்த்தது அம்மாவின் முதுகை மட்டுமா? முதுகுக்கு மேலே உன் மூஞ்சி இருந்தது. மூக்கு ஒழுகிக்கொண்டு, வாயை அசைத்துக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டு, சிறிதாகிக்கொண்டே போயிற்று. என்ன சொல்கிறாய் என்று கேட்கவில்லை. மாமா வீட்டில் அவர்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துத் தூக்கித் திரிந்த நாளெல்லாம் அந்த வாய் என்ன சொல்லியிருக்கும் என்று யோசித்திருக்கிறேன். அம்மா சொல்லி, நீ எழுதி, இத்தனை வயதுக்குப் பிறகு தெரிந்துகொண்டேன். கடிதத்தை மூடி வைத்துவிட்டு வாய் விட்டு அழுதேன். மாமியார் என்னவோ ஏதோ என்று சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார்.

என் இடத்தில் நீ வந்து உட்கார்ந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்தக் கவிதையில் அம்மாவின் இடுப்பு காலியாக இருக்கிறது. அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

புத்தகத்தை நிறுத்த வேண்டாம். "தம்பானூர்" அப்படியே இருக்கட்டும், "நான்" என்றே. என் வாயால் ஒருநாளும் அதைச் சொல்லியிருக்க மாட்டேன். சொன்னது நீ, தமிழில் எழுதியது நான், இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நான். முன்னுரையிலிருந்து அந்த வாக்கியம் போக வேண்டும். கட்டுரை விழுந்துவிடும் என்றால் டீச்சர் முட்டுக்கொடுத்து நிறுத்தட்டும், படித்தவர்தானே. அட்டைப் படத்துக்குக் கீழே பிரேமா என்று போடச் சொல். ரிப்பன் அவிழ்ந்ததற்கு நீதான் காரணம் என்பதையும் அந்த ஆர்ஷாவிடம் சொல், நீ பிடித்து இழுத்தாய்.

பதிப்பகத்திடம் ஒரு பக்கம் கூடுதலாகக் கேள். "தம்பானூர்" முடிந்ததும் அடுத்த பக்கத்தில் இன்னொரு கவிதை வர வேண்டும். இடுப்பில் இருந்தவள் எழுதியது. அடி வாங்கியும் வாயை மூடாமல் வந்தாளே, அவள்.

பொங்கலுக்கு நான் வருகிறேன். தம்பானூரில் இறங்கி ஆட்டோ பிடித்துக்கொள்வேன், யாரும் வர வேண்டாம். அம்மாவிடம் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்: கையால்தான் எழுதினேன். காலைத் தொங்கப்போட வேண்டாம் என்று சொல்.

கவிதையை அதற்கு முன்பே தபாலில் அனுப்பு. மலையாளத்திலேயே எழுது. இந்த முறை அடியில் பொருள் எழுத வேண்டாம். எனக்குத் தெரியும்.

உன் அக்கா,
பிரேமா